நைரோபியில் நான் ஏறிய வெள்ளை வாகனம்

இக்கட்டுரையில் நான் சரிபார்த்துக்கொண்ட விவரங்களை மட்டுமே எழுதப்போகிறேன். காரணம், இந்தச் சம்பவம் எங்கள் குடும்பத்தில் ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தபோது அதில் ஒரு வாகனமும் சில பூப்பெட்டிகளும் என் மடமையும் மட்டுமே இருந்தன. சென்ற மாதம் கனடாவின் மார்க்கம் நகரில், ஒரு பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்தில் என் அண்ணன் மகன் கெவின் அதைச் சொல்லக் கேட்டேன். துப்பாக்கி ஏந்திய பொலிசார் அறுவர், கடத்தற்காரன் ஒருவன், வேலிக்கு அப்பால் ஒரு சிங்கம் ஆகியோர் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தனர். நைரோபி விமான நிலையத்துக்குப் போகும் வழியருகே வனவிலங்குப் பூங்கா ஒன்று இருப்பது உண்மை. சிங்கம் வரவில்லை. (வந்திருந்தால் அன்ரி அதிலையும் ஏறியிருப்பா எண்டு கெவின் சொல்லுறான்.)

ஆகவே என் தாயார், என் தம்பி, ஓட்டுநர் கமாவு ஆகிய மூவரிடமும் தனித்தனியே கேட்டு, அந்தந்த இடத்தில் இருந்தவர்கள் ஒத்துக்கொண்டவற்றையும் நானே கண்டவற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டேன். அம்மா இறங்கிய முனையத்தின் எண்ணைக்கூட எழுதப்போவதில்லை. அதைக் குறித்து வைத்திருந்த தாள் இப்போது என்னிடம் இல்லை. அந்தத் தாளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். நடந்த கேட்டுக்கு அதுவும் உடந்தை.

முதலில் என்னைப் பற்றி. ரொறன்ரோவில் எங்கள் உறவினர் வட்டத்தில் விமான நிலையப் பொறுப்பு என்னுடையது. யார் வந்தாலும் போனாலும் ஏற்றி இறக்குவது மெற்றில்டாவாகிய நான்தான். எந்த முனையத்தில் எந்த விமானம் இறங்கும், எந்தத் தூணருகே நின்றால் காவலர் துரத்தமாட்டார், தொடருந்தில் நகரின் நடுவுக்கு எப்படிப் போவது, குளிர்காலத்தில் எந்தப் பேருந்துத் தரிப்பிடத்தில் காற்று அடிக்காது என்பன எனக்கு மனப்பாடம். இவ்வறிவை நான் என்னிடமே வைத்துக்கொண்டதில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேளாதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொன்னேன்.

எங்கள் வட்டத்தின் வழக்கம் ஒன்றையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும். திருமணமோ திருவிழாவோ மாதா கோயில் யாத்திரையோ, எதற்குப் போவதானாலும் ஐந்தாறு வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் வெள்ளை வேன்கள்; எங்கள் பேச்சில் ‘வான்’. போகும்போது ஒன்றில் ஏறினால் வரும்போதும் அதிலேயே ஏறவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. "எந்த வானில இடமிருக்கோ அதில ஏறுங்கோ" என்பதே ஒரே கட்டளை. கதவைத் திறந்து, இருக்கையில் அமர்ந்து, பலகாரப் பொட்டலத்தை அவிழ்த்து, பேச்சைத் தொடங்கிய பிறகே ஓட்டுபவர் யார் என்று பார்ப்போம். முப்பது ஆண்டுகளாக இப்படி ஏறியதில் எங்களுக்கு ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. தவறான வாகனத்திலும் சரியான உறவினரே இருப்பார்.

என் தம்பி அன்ரன் ஒரு துறவற சபையில் சேர்ந்து நைரோபியில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே குருப்பட்டம் கிடைக்கவிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பலி. ரொறன்ரோவிலிருந்து நான் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் சில மாதங்கள் தங்கியிருந்த அம்மா, கொழும்பிலிருந்து தனியே வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்திறங்குவதாக ஏற்பாடு. அவருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலியால் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம்.

அம்மாவை அழைத்துவர ஓட்டுநர் ஒருவரை அனுப்புவதாகச் சபையின் தலைவர் சொல்லியிருந்தார். அம்மாவும் தொலைபேசியில் அதையே விரும்பினார்.

"சுவாமிமார் ஆரையும் விடுவினம் தானே. நீ ஏன் பிள்ளை அலையிறாய்? உனக்கு உந்த ஊர் தெரியுமே?"

"அம்மா, ரொறன்ரோவில எத்தினை பேரை ஏத்தி இறக்கினனான்? எனக்கு விமான நிலையம் எண்டால் எல்லாம் ஒண்டுதான்."

என் திறமை பேச்சில் வரும்போதெல்லாம் அம்மா ஒரு நிபந்தனை போடுவார். எங்கள் வீட்டில் பொறுப்பான பிள்ளை அன்ரன். நான் கெட்டிக்காரி என்று என்னை நானே சொல்லிக்கொள்ளும் பிள்ளை. ஒரு தடவையாவது அம்மா என்னை நம்பி ஓரிடத்தில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

"சரி. அப்ப நீயே வா. ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன். உன்ர முகத்தைக் கண்டாத்தான் நான் அசைவன். வேற ஆர் வந்து கூப்பிட்டாலும் போகமாட்டன்."

"நீங்கள் வெளியில வரேக்க நான் முன்னுக்கு நிப்பன்."

நான் இவ்வாறு வாக்குக் கொடுத்தது உறுதி. மூவருள் எவரும் இதை மறுக்கவில்லை. நானும் மறுக்க முயன்று பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நண்பகல் சபையின் ஓட்டுநர் கமாவு தம் வெள்ளை வாகனத்துடன் வந்தார். தொப்பி அணிந்த, அதிகம் பேசாத மனிதர். நான் பின்னிருக்கையில் அமர்ந்து, இருவாரங்களாக ஆராய்ந்து எழுதிய தாளை மடியில் விரித்தேன். விமான நிலையத்துக்கும் நகருக்கும் இடையிலுள்ள போக்குவரத்து முழுவதும் அதில் இருந்தது: மேம்பாலமாய் உயர்ந்து செல்லும் கட்டணச் சாலை, அதன் நிழலிற் கிடக்கும் பழைய நெடுஞ்சாலை, அங்கே மத்தாத்து என்று அழைக்கப்படும் தனியார் சிற்றுந்துகள், விமான நிலைய வாசல்வரை வராமல் தள்ளியே நின்றுவிடும் நகர்த் தொடருந்து. கமாவு கட்டணச் சாலையில் ஏறியபோது, அது சரியான தெரிவுதான் என்று பின்னாலிருந்து அவருக்கு உறுதிப்படுத்தினேன். அச்சாலை திறந்த நாள் முதல் அதிலேயே ஓடும் அவர், "நன்றி" என்றார். கைத்தொலைபேசியை மின்னேற்றுவதற்காக முன்பக்கம் அவரிடம் கொடுத்தேன்.

என் தாளில் இல்லாதது ஒன்றே ஒன்று.

அவ்விமான நிலையத்தின் நுழைவுச் சாலையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. ஓட்டுநரைத் தவிர அனைவரும் அங்கே இறங்கி, பக்கத்திலுள்ள கூடத்தின் வழியாக நடந்து, தம்மையும் கைப்பையையும் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். வாகனம் தனியே சோதிக்கப்பட்டு முன்னால் செல்லும். மறுபக்கம் வந்து, அவரவர் வாகனத்தைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்ள வேண்டும். நாள்தோறும் எண்ணற்றோர் இதைப் பிழையின்றிச் செய்கிறார்கள்.

நான் நடந்தேன். சோதனையைத் தாண்டினேன். வெளியே வந்து, அம்மா இறங்கும் முனையத்தைத் தாளில் மீண்டும் பார்த்தேன். எதிரே ஒரு வெள்ளை வாகனம் வந்து நின்றது. இடம் இருந்தது. ஏறினேன்.

ஏறியதும் குளிர்ந்த பூமணம் வந்தது. பின்பக்கம் நீண்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்று என் காலருகே இருந்தது. மூடியின் துளைகளினூடே ரோசாமொட்டுகள் தெரிந்தன. அம்மாவை வரவேற்கச் சபையார் இரகசியமாகப் பூ அனுப்பியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு மனம் நெகிழ்ந்தேன். நெகிழ்ச்சியோடு என் கைப்பையை அந்தப் பெட்டியின்மேல் வைத்தேன். (அந்தப் பையின்ர பாரத்தைப் பற்றி எங்கட வீட்டில தனிக் கதை இருக்கு.)

முன்னிருக்கையில் இளம்பெண் ஒருத்தி வந்து ஏறினாள். அதுவும் எனக்கு வியப்பளிக்கவில்லை. வழியில் யாரையாவது ஏற்றிக்கொள்ளாமல் விமான நிலையம் போன வாகனத்தை நான் ரொறன்ரோவில் கண்டதில்லை. ஓட்டுநர் தலையில் தொப்பி இல்லை, சோதனைக்காகக் கழற்றியிருப்பார். கண்ணாடி அணிந்திருந்தார், சாலையைப் பார்க்கத் தேவைப்பட்டிருக்கும். மனித மனம் தான் ஏறிய வாகனத்தை நியாயப்படுத்த எவ்வளவு உழைக்கிறது என்பதை எண்ணினால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"இந்தப் பூக்களுக்கு மிக்க நன்றி. அம்மா மகிழ்ந்துபோவார்" என்றேன்.

ஓட்டுநர் பின்னோக்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கரிபு" என்றார். நல்வரவு என்று பொருள்.

அந்த நல்வரவை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டேன். பையிலிருந்து, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாங்கிய மிக்சர்ப் பொட்டலத்தை எடுத்து இருவருக்கும் நீட்டினேன். ஓட்டுநர் ஒரு பிடி வாயிலிட்டு இருமினார். அவர் இருமி முடிப்பதற்காகக் காத்திராமல், ஒரு தலைநகரின் விமான நிலையத்துக்குத் தொடருந்து எவ்வாறு வரவேண்டும் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நடைமேடையிலிருந்து முனையத்துக்கு மூடிய பாலம், பயணப்பெட்டிகளுக்கெனத் தனித் தட்டு, மழையில் நனையாத பேருந்துத் தரிப்பிடம். ஓட்டுநர் இடையிடையே "அப்படியா, ஆசிரியை?" என்றார். நான் ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிப்பதைத் தம்பி அவருக்குச் சொல்லியிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன்.

வாகனம் முனையத்துப் பாதையை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

"மன்னிக்க வேண்டும். வருகை முனையம் அந்தப் பக்கம். பரவாயில்லை, எங்கள் ஊரிலும் புதிய ஓட்டுநர்கள் இப்படித்தான் தவறுவார்கள்."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அம்மணி, நான் பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இங்கே பூக்கொண்டு வருகிறேன். சரக்குக் கூடம் இந்தப் பக்கந்தான்."

"சரக்குக் கூடமா? என் அம்மாவை அங்கே ஏன் இறக்குகிறார்கள்?"

இப்போது அந்தப் பெண் முழுதாகத் திரும்பினாள்.

"அப்பா, இவர் உங்கள் பூ வியாபாரக் கூட்டாளி இல்லையா?"

"நான் உன் கல்லூரி ஆசிரியை என்றல்லவா நினைத்தேன்! சாவடியிலிருந்து நீதானே கூட்டி வந்தாய்?"

"நானா? நீங்கள் ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். தந்தையின் முகம் முதலில் உடைந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் மடியில் முகம் புதைத்துச் சிரித்தாள். அவர்கள் சிறியரகப் பூத்தோட்டக்காரர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பூக்களைச் சரக்குக் கூடத்தில் ஒப்படைக்க வந்தவர்கள். நான் கேட்ட முதற் கேள்வி, "என் தொலைபேசி எங்கே?" என்பது. அது கமாவிடம் இருந்தது. அதனுள்தான் எல்லா எண்களும் இருந்தன. தம்பியின் எண்ணில் ஓர் இலக்கமும் என் நினைவில் இல்லை. அவ்வேளை அம்மாவின் விமானம் தரையிறங்கிவிட்டது என்பதைத் தாளின்படி அறிந்தேன்.

"உங்களை முனையத்துக்கே கொண்டுபோய் விடுகிறோம். ஆனால் முதலில் பெட்டிகளை ஒப்படைத்துவிட வேண்டும். இந்த வெயிலில் நின்றால் வாடிவிடும்" என்றார் தந்தை.

ஓடிப்போக வழியில்லை, எந்தத் திசையில் ஓடுவதென்று என் தாளில் இல்லை. குளிரூட்டிய கூடத்தின் வாசலில் நின்றேன். பணியாளர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசிப் பெட்டியைத் திறந்ததும் தலையை ஆட்டினார். நடுவில் பள்ளம் விழுந்து, மொட்டுகள் கழுத்தொடிந்து கிடந்தன. பள்ளத்தின் அளவு என் கைப்பையின் அளவு. அந்தப் பெட்டி ஏற்கப்படவில்லை.

நான் பணம் கொடுக்க முயன்றேன். தந்தை கையை அசைத்து மறுத்தார். "உங்கள் அம்மாவுக்கு என்று சொன்னீர்களே, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பெட்டியை என் கையில் தந்தார்.

இதே நேரத்தில் வருகை முனையத்தில் நடந்ததை அம்மா, கமாவு ஆகிய இருவரின் வாக்குமூலத்திலிருந்து எழுதுகிறேன்.

சாவடியின் மறுபக்கத்தில் கமாவு எனக்காக நெடுநேரம் காத்திருந்தார். நான் வராமையால், வேறொருவரோடு முன்னே போயிருப்பேன் என்று கருதி முனையத்துக்கு வந்தார். அம்மாவை அவருக்கு அடையாளம் தெரியாது, பெயர்ப்பலகையும் இல்லை. ஆனால் அவர் கையில் என் தொலைபேசி இருந்தது. அதன் முகப்பில் அம்மாவின் படம் இருந்தது. சமயோசிதம் மிக்க அம்மனிதர் அந்தப் படத்தையே பலகையாக உயர்த்திப் பிடித்து நின்றார்.

சக்கர நாற்காலியில் வெளியே வந்த அம்மா கண்டது: மகள் இல்லை, முன்பின் தெரியாத ஓர் ஆண், அவர் கையில் மகளின் தொலைபேசி, அதில் தம் முகம்.

"என்ர பிள்ளையின்ர போன்! எங்க எடுத்தனி? பிள்ளைக்கு என்ன செய்தனி?"

கமாவு ஒன்றும் விளங்காமல் புன்னகைத்து, வாருங்கள் என்று கைகாட்டினார். அம்மா தொலைபேசியைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிகப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்து மூன்று தடவை உரக்கக் கூவினார்: "பொலிஸ்! பொலிஸ்! பொலிஸ்!"

பொலிஸ் வந்தது உண்மை. ஒருவர். துப்பாக்கி வைத்திருந்ததாக இருவரும் நினைவுகூரவில்லை. அவர் அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

கமாவு தம் தொலைபேசியில் சபைத் தலைவரை அழைத்தார். இங்கேதான் என் குற்றம் பெருகியது. பட்டம் பெறுவோர் அதற்கு முந்திய நாட்களில் மௌன தியானத்தில் இருப்பர், யாரோடும் பேசலாகாது. என் தம்பி ஐந்து நாட்களாக வாய் திறக்கவில்லை. தலைவர் சிற்றாலயத்துக்குள் சென்று அவன் தோளைத் தொட்டு, தொலைபேசியை நீட்டினார். இந்தப் பக்கம் கமாவு தம் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தார்.

"தம்பி, அக்காவைக் கடத்திப்போட்டாங்களடா! அவளின்ர போன் இஞ்ச ஒருத்தன்ர கையில இருந்தது!"

ஐந்து நாள் மௌனத்துக்குப் பின் வருங்காலக் குருவானவரின் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை அம்மாவும் அவனும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்.

"அம்மா, அழாதேங்கோ. அவ வேற ஆற்றையோ வானில ஏறியிருப்பா."

"விசர்க்கதை கதையாதை! தெரியாத ஆற்றையன் வானில ஆரும் ஏறுவினமே?"

"அக்கா ஏறுவா."

"அப்ப ஏன் இன்னும் இறங்கேல்லை?"

"கதைச்சுக்கொண்டிருப்பா."

கமாவு சபையின் ஓட்டுநர்தான் என்று அவன் உறுதிகூறிய பிறகும் அம்மா அசையவில்லை. என் முகத்தைக் கண்டால்தான் அசைவேன் என்று சொன்னவர் அல்லவா? ஒலிபெருக்கியில் என் பெயரை அழைத்தார்கள். நான் அப்போது ரோசாப்பூக்களின் கழுத்தொடிந்த காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தந்தையும் மகளும் என்னை முனையத்து வாசலில் இறக்கினார்கள். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஓடினேன். கூட்டத்தின் நடுவே சக்கர நாற்காலியில் அம்மா. வலப்பக்கம் பொலிஸ்காரர், இடப்பக்கம் கமாவு. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது என்னவென்று நான் நன்றாகப் பார்த்தேன். அதை வர்ணிக்க மாட்டேன். இரண்டாவதாக வந்ததை எழுதலாம். அவர் பார்வை என் முகத்திலிருந்து கையிலிருந்த பெட்டிக்கு இறங்கியது.

"நான் இஞ்ச உன்னைச் சாகக் குடுத்திட்டு இருக்கிறன். நீ பூ வாங்கவோடி போனனி?"

விளக்கத் தொடங்கினேன். சாவடியிலிருந்து தொடங்கினேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒண்டும் சொல்லாதை. தம்பி சொன்னவன்."

அன்று எனக்கு வலித்தது அதுதான். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் ஒரு விமான நிலையமே தேடியபோது, பல மைல் தொலைவில் முழந்தாளிட்டிருந்தவன் ஒரு வாக்கியத்தில் சரியாகச் சொல்லிவிட்டான். திரும்பும் வழியில் அம்மா முன்னிருக்கையில் கமாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். தம் பையிலிருந்து பனங்காய்ப் பணியாரம் எடுத்து அவருக்குக் கொடுத்தார். நான் பின்னால், தாளில்லாமல் இருந்தேன். அது அந்தப் பூக்கூடத்திலேயே விழுந்துவிட்டது போலும்.

சனிக்கிழமைத் திருப்பலியில், கழுத்தொடியாத ரோசாக்களைத் தேர்ந்து பீடத்தின் இருபுறமும் வைத்தோம். பட்டம் பெற்ற கையோடு தம்பி எனக்கு முதலாசீர் அளித்தான். தலையில் கையை வைத்து, இதழசையாமல், "அக்கா, வெளியில போய் ஏறேக்க நம்பரைப் பாத்து ஏறு" என்றான். முழந்தாளில் இருந்தபடியே சிரித்துவிட்டேன். பக்திப் பரவசம் என்று பலர் நினைத்தார்கள்.

ஊர் திரும்பும் நாளில் அதே சாவடியில் மறுபடியும் இறங்க வேண்டியிருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒருவர் பின் ஒருவராக வரவேண்டும் என்று சோதனை அலுவலர் சொன்னார். அம்மா தமிழில், "இவளை விட்டால் போயிடுவாள், தம்பி" என்றார். அலுவலருக்கு என்ன விளங்கியதோ, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நான் மறுபக்கம் போய் நின்ற பிறகும் என்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

ரொறன்ரோவில் இப்போது விமான நிலையப் பொறுப்பு கெவினுடையது. கோயிலிலோ மண்டபத்திலோ கூட்டம் கலைந்து, வாகனங்கள் வரிசையாக வந்து நிற்கும்போது, அவன் பக்கத்து நகரான ஒஷாவாவுக்குப் போகும் அவசரத்திலும் கண்ணாடியை இறக்கி எட்டிப்பார்ப்பான். "அன்ரி, செக் பண்ணீட்டு ஏறுங்கோ. உள்ளுக்குப் பூ இருந்தால் அது எங்கட வான் இல்லை." எல்லோரும் சிரிப்பார்கள். நான் இலக்கத் தகட்டைப் பார்த்துவிட்டே ஏறுகிறேன்.

சரிபார்க்க முடிந்தவை இவ்வளவே. தெரியாதது ஒன்று எஞ்சியிருக்கிறது. அந்தத் தந்தையும் மகளும் என் சொற்பொழிவைக் கேட்டார்கள்; என் மிக்சரை உண்டார்கள்; என்னால் ஒரு பெட்டிப் பூவை இழந்தார்கள்; அதை எனக்கே தந்து, என்னை என் தாயிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தவள் நான். அவர்களுடைய பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.